கழுவிய மணல்

மணக்குடி,
12-2-1955

அத்தானுக்கு,

வீட்டுக்கு வரச்சொல்லி எழுதிய கடிதம் கிடைத்தது. அத்தைமேல் எனக்குக் கோபமில்லை. நான் இல்லாத நேரத்தில் என் முப்பது குப்பி மணலையும் வெளுக்கக் கழுவிவிட்டு, "அழுக்கெல்லாம் போக்கி வச்சிருக்கேன் மக்களே, பாத்தியா?" என்று ஆசையாகத்தான் காட்டினார்கள்.

நீங்கள் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். அந்த அழுக்குதான் களிமண், என் ஆராய்ச்சியே அதுதான் என்று தெரிந்தும், அத்தை கழுவுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "மண்ணுதான ஏட்டி, விடு" என்றீர்கள்.

மணல் இறுகிக் கல்லாகும்போது, மணிகளைச் சுற்றி மெல்லிய களிப்படலம் இருந்தால் நுண்துளைகள் மூடாமல் தங்கும். களி மிஞ்சினால் அடைத்துக்கொள்ளும். எதுவரை நல்லது என்று பார்க்கத்தான், ஆறு கடலில் சேரும் இந்தப் பொழிமுகத்தில் இறங்கினேன்.

மறுபடியும் இறங்கிவிட்டேன். முழங்கால் சேற்றில் நின்று இருபத்திரண்டு குப்பி நிரப்பியாயிற்று. மிச்சம் எட்டும் நிறையாமல் வரமாட்டேன். நிறைந்தபின் வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள்.

கழுவிய மணலைத் துணியில் கட்டி இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சுத்தமாக இருக்கிறது, ஒன்றுக்கும் உதவாது.

இப்படிக்கு,
பொழிமுகச் சேற்றில் நிற்பவள்