அழாமல் இருக்கப் பழகிய குட்டி

ஜோகூர்,
12-8-1956

அன்புள்ள அடைக்கலமேரிக்கு,

தைரியநாதன் எழுதுவது. மாதா கிருபையால் இங்கே நான் சுகம். ஆவூரில் நீயும் பாப்பாவும் சுகமா, ஆத்தாவின் முட்டுவலி தேவலையா என்று எழுது.

தோட்டத்துத் துரை தன் நாய்க்குட்டியைப் பழக்கச் சொல்லி என்னிடம் விட்டிருக்கிறார். தனியாக விட்டால் ஊளையிட்டது. நானும் ரப்பர் மரம் சீவுவதைப் போட்டுவிட்டு ஓடி ஓடி வந்தேன். "அழுகுறப்ப அதுகிட்டப் போகாதீங்கண்ணே, அடங்குனப்பறம் போங்க" என்றார் என்னோடு தங்கியிருக்கும் கறம்பக்குடி ஆத்மநாதன். அதன்படி முதலில் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கிணற்றடி வரை போனேன், பிறகு தோட்டம் வரை. நான் போட்டுக் கழற்றிய சட்டையைத் துவைக்காமல் அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். அந்த வாசனையில் படுத்திருக்கும். இப்போது அழுவதே இல்லை. நான் திரும்பி வந்தாலும் தலையைத் தூக்குவதில்லை.

பாப்பாவும் இப்போது அப்பா எங்கே என்று கேட்பதில்லை என்று எழுதியிருந்தாய். சரி.

ஆத்மநாதன் லீவில் ஊருக்கு வருகிறார். திரும்பும்போது அவரிடம் கொஞ்சம் சுக்கும், பாப்பாவின் பழைய கவுன் ஒன்றும் கொடுத்துவிடு. விளக்குத் துடைக்கத்தான். வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது, நிறுத்துகிறேன்.

கவுனைத் துவைக்க வேண்டாம்.

தைரியநாதன்