ஒரே வரிக்குப் பெயர் எதற்கு

அன்புள்ள அம்மா,

ஆசீர்வதியுங்கள். முட்டிவலி குறைந்ததா? சாவோ பாவ்லோவில் மழையும் குளிரும்தான். எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று ஒரு வேடிக்கை. பஸ் கட்டணத்தில் தள்ளுபடி கழிக்கக் கணினியில் ஃபங்ஷன் என்கிற சின்ன நிரல் துண்டு ஒன்று எழுதினேன். துணைக்கு இருக்கட்டுமே என்று அதற்கு நம் நாய் பிப்போக்காவின் பெயரை வைத்தேன். எங்கள் குழுத் தலைவி தைனாரா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏம்ப்பா, ஒரே ஒரு இடத்துல வேலை செய்யுறதுக்குப் பேரு எதுக்கு? பேரில்லாம அந்த வரியிலேயே எழுதிட்டுப் போ!”

இங்கே அதுதான் வழக்கம். பெயரை எடுத்துவிட்டேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

மரவள்ளி மாவு கொஞ்சம் அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் என் பெயரை முழுசாக எழுதுங்கள். வாசல் காவலாளி அதைச் சத்தமாகப் படித்துத்தான் கொடுப்பார்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
ஜெனிவால்டோ