சாலைப் பக்கம் திருப்பிய ஆன்டெனா

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நெடுஞ்சாலையில் போன் கட்டாகிறது என்று புகார் வந்ததால், போன வாரம் நாட்றம்பள்ளி டவரின் ஆன்டெனாவைச் சாலைப் பக்கம் திருப்பினேன். புகார் நின்றது. ஆனால், பின்னால் இருக்கும் ஊரில் சிக்னல் போய்விட்டது.

இன்று அங்கே போனேன். நிறைமாதக் கர்ப்பிணியான செல்வி என்ற பெண், தன் வீட்டு மொட்டைமாடியில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனில நைட் டூட்டி. வலி வந்தா நான் யாரைக் கூப்புடுறது சார்?"

என் நம்பரைக் கொடுத்தேன். சாலைக்கு வந்து மேலதிகாரியிடம் போனில் சொன்னேன். "ரோட்ல கம்ப்ளைன்ட் கம்மியாய்டுச்சு இல்ல, வுடுப்பா" என்றார்.

படுத்த பிறகுதான் உறைத்தது. சிக்னல் இல்லாத ஊரிலிருந்து என்னை மட்டும் எப்படிக் கூப்பிடுவாள்?

விடிந்ததும் யாரையும் கேட்காமல் ஆன்டெனாவை மறுபடி ஊர்ப் பக்கம் திருப்பிவிடுவேன். அதுவரை அவளுக்கு வலி வராமல் இருக்க வேண்டும்.