யாரும் ருசி பார்க்காத மக்ரோனி

உன் அண்ணன், உன் நானா, நேற்று நாலந்தா சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் குவாட்டர்ஸ் வரை நடந்து வந்து, நீலக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொதியைத் தந்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். நடுவே துளையுள்ள நீள மக்ரோனி. ஒரு பாண் ரொட்டிக்கே விடியுமுன் வரிசையில் நிற்கும் இந்தக் காலத்தில் இப்படியொன்றைக் கண்டியிலும் தேடிப் பிடிக்க முடியாது. கப்பலிலிருந்து கொண்டு வந்தாராம். அவர் மனைவி, நம் மதினி, மறுநாள் ஞாயிறு இங்கே வருகிறாராம், நான்தான் ஆக்க வேண்டுமாம். நீ போன பிறகு உங்கள் வீட்டில் யாரும் இதைச் செய்யவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று ஞாயிறு. சாதிக்காயைச் சுரண்டியதும் அந்த மணம் குசினியில் எழுந்தது. அதோடு என் கையும் நின்றுவிட்டது. காய்ச்சல் என்று படுத்த நீ எழும்பாமலே போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. நீ பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்வது இதுவே முதல் தடவை. சட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நிற்கிறேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்த காலத்தில், பரீட்சைக்கு முந்திய நாள் நான் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தால் சொல்வாயே, "ஒனக்குப் பயப்பட ஒரு காரணமும் வேணாம் புள்ள, ஒரு சோத்துக் கோப்பை இருந்தாப் போதும்."

மதினி முதன்முதலாக வந்த அந்த நாளில் மட்டும் நீயும் பயந்தாய்.

லீவில் நான் எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு வந்திருந்தேன். மாத்தளை அம்மன் கோயிலில் மாசித் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. உங்கள் வீட்டில் நோன்பு. தேர் ஓடும்வரை எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஆள் அனுப்பினாய், உடனே வா என்று. அடுத்த பஸ்ஸில் வந்தேன். குசினி வாசலிலேயே என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாய்.

கிரேக்கக் கப்பலொன்றில் சமையற்கட்டில் வேலை செய்த உன் நானா அந்த ஊர்ப் பெண்ணொருத்தியைக் கலியாணம் செய்திருந்தார். வேதம் உள்ள கிறிஸ்தவப் பெண், மார்க்கத்தில் தடையில்லை என்று பள்ளிவாசல் லெப்பையே சொல்லிவிட்டார். வாப்பாவுக்கு அதுவல்ல கோபம். கேட்காமல் செய்தான் என்பதுதான். தம் வாசனைச்சாமான் கடையில் கராம்பும் சாதிக்காயும் நிறுத்துக் கொடுக்கும்போது யாராவது மகனைப் பற்றி விசாரித்தால், தராசைப் பார்த்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவாராம். இப்போது நானா அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்பில் இறங்கியிருந்தார். அடுத்த கிழமை கப்பல் புறப்படும். திரும்ப மாதக்கணக்காகும். அதுவரை அவள் எங்கே இருப்பாள்? வாப்பா சொல்லியனுப்பியது இவ்வளவுதான். அன்று வந்து நோன்பு திறக்கட்டும், உம்மாவின் முகத்தைப் பார்க்கட்டும், காலையில் கொழும்புக்குப் போகட்டும்.

"கொழும்புல ஒரு வாடக அறையில தனியா விட்டுட்டுப் போகப் போறார் புள்ள. பாஷையும் தெரியா, ஒரு மனுஷரையும் தெரியா," என்றாய். "வாப்பா ஒரு ராத்திரியில மனசு மாறணும். வேற வழியில்ல."

ஒரு வீடு ஒருத்தியை வைத்துக்கொள்ளுமா என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. குடியுரிமை மறுக்கப்பட்ட எங்கள் லயத்தில் அப்போது எல்லாருமே இந்த நாட்டைப் பற்றி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, நான் பையை வைத்துவிட்டு வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினேன்.

உன் யோசனை எளிமையானது. அவளோடு பேச நம்மால் முடியாது. அவள் ஊர்ச் சாப்பாடு ஒன்றாவது அவள் முன்னால் இருக்கட்டும். அவள் சந்தோஷமாகச் சாப்பிடுவதை வாப்பா பார்த்தால் இளகுவார். முந்திய லீவில் வந்தபோது கப்பல் சாப்பாட்டைப் பற்றி நானா அளந்துகொண்டிருந்ததை நீ அப்படியே மனதில் வைத்திருந்தாய். பாஸ்தீட்ஸியோ என்று ஒரு பெயர். அடியில் மக்ரோனி, நடுவில் கொத்திய இறைச்சி, மேலே பாலும் மாவும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கூழ், அதற்கு மேல் சீஸ். இறைச்சிக்குக் கறுவா, கூழுக்குச் சாதிக்காய். "கேட்டியா, எல்லாம் எங்கட கடைச் சாமான்," என்று அதில் மட்டும் கொஞ்சம் தைரியப்பட்டாய். நானாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவருக்கும் அது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தாய்.

மக்ரோனியும் டின் சீஸும் கண்டியில் துரைமார் சாமான் வாங்கும் கடையிலிருந்து வந்திருந்தன. மாட்டிறைச்சியில்தான் செய்வார்களாம். நீ ஆட்டிறைச்சி வாங்கியிருந்தாய். ஏனென்று நான் கேட்கவில்லை. மாடு கொத்தும் குசினியில் என்னை உட்கார வைக்க உனக்கு மனம் வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

வெயில் ஏறியது. இறைச்சி வெந்தது. அப்போதுதான் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். உப்பு. யார் பார்ப்பது? நீ நோன்பு. எனக்குக் கொடி விரதம். உம்மாவும் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம், சமைக்கிறவளுக்கு அது குற்றமில்லை என்று உம்மா சொன்னா. ஆனால் அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பா முன்னறையில் ஓதிக்கொண்டிருந்தார். அவர் தொண்டையைச் செருமுவது குசினி வரை கேட்டது. அன்றைக்கென்று நோன்பில் ஒரு சந்தேகமும் வரக்கூடாது என்று நீ மறுத்துவிட்டாய். நீங்களாவது பாருங்க என்று உம்மாவிடம் கெஞ்சினாய். "இப்படி ஒன்ன நான் கண்டதும் இல்ல, தின்னதும் இல்ல. உப்புக் கூடவா குறையவா எண்டு எனக்கெப்படித் தெரியும்?" என்றா உம்மா.

நீ என்னைப் பார்த்தாய். நான் அகப்பையைப் பார்த்தேன். "வேணாம். ஒங்கட அம்மன் ஒன்ன உட்டுட்டு என்னத்தான் புடிப்பா," என்று அகப்பையை வாங்கிக்கொண்டாய்.

குனிந்து மணந்து பார்த்தாய். மணத்திலேயே தெரியும் என்று என்னையும் மணக்கச் சொன்னாய். மணத்தில் உப்புத் தெரியுமா? என் கை தானாக உப்புச் சிரட்டைக்குப் போயிற்று. நீ மணிக்கட்டைப் பிடித்தாய். "பயத்துல கை வைக்காத. பயத்துல போடுற உப்பு ரெண்டு மடங்கு."

போறணை அடுப்பு இல்லாததால் வட்டச் சட்டியில் அடுக்கி, தகட்டால் மூடி, மேலேயும் கீழேயும் தேங்காய்ச் சிரட்டை நெருப்பு வைத்தோம். தகட்டைத் திறந்து பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். நீ விசிறிக்கொண்டே ஓதினாய். நானும் உள்ளுக்குள் எங்கள் ஆளைக் கூப்பிட்டேன்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பாங்குக்குச் சற்று நேரமே இருந்தது. அவள் நம்மைவிட உயரம். தலையில் துணி கட்டியிருந்தாள். உம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். வாப்பா பாயில் உட்கார்ந்தபடி நானாவின் ஸலாமுக்குப் பதில் சொன்னார், நிமிரவில்லை. பாங்கு ஒலித்தது. அவள் பேரீச்சம்பழத்தை எடுத்தாள், தண்ணீர் குடித்தாள். கஞ்சிக் கோப்பையை மணந்துவிட்டு மெதுவாகப் பக்கத்தில் வைத்தாள். நான் கவனித்தேன். உன்னிடம் சொல்ல நேரமிருக்கவில்லை.

எல்லாரும் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சஹன் தட்டில் நீ அதை உடையாமல் மாற்றி, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாய். மேலே பொன்னிறமாகத்தான் இருந்தது. நானா, "இது யார் செஞ்ச?" என்று கேட்டார். அவள் குனிந்து பார்த்தாள். கறுவா மணம் அவள் முகத்தில் ஏறுவது தெரிந்தது. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்தது. கை தட்டுப் பக்கம் வரவேயில்லை.

உப்பு என்று நினைத்தேன். பிறகு ஆட்டு வாடை என்று நினைத்தேன். முந்தானைக்குக் கீழே உன் விரல்கள் என் கையை நசுக்கின.

வாப்பா அப்போதுதான் வாய் திறந்தார். அவளிடமல்ல, மகனிடம். "எங்கட ஊட்டுச் சாப்பாடு அவக்கு அருவருப்போ?"

நானா அவளிடம் அவள் பாஷையில் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், ஏதோ முணுமுணுத்தாள். நானாவின் முகம் மாறியது. "இல்ல வாப்பா," என்றார். "அவக்கும் நோன்பு."

"என்ன நோன்பு? பாங்கு சொல்லியாச்சே."

"அது எங்கட. இது அவங்கட. அவங்கட பெருநாள் வரைக்கும் இறைச்சி, பால், முட்ட ஒன்னும் தொட மாட்டாங்களாம். எனக்கே தெரியா வாப்பா, நான் இந்தக் காலத்துல எப்பவும் கடல்ல. தங்கச்சி அவட சாப்பாட்டையே ஆக்கி வச்சிருக்கிறதப் பார்த்து என்ன செய்யிறதெண்டு தெரியாம அழுறா."

நாம் தேடித்தேடிச் சேர்த்த இறைச்சி, பால், முட்டை, சீஸ் எல்லாம் அந்தத் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தன. இவற்றைத்தான் தொடக்கூடாது என்று யாரோ நமக்குப் பட்டியல் தந்திருந்தால்கூட இவ்வளவு சரியாகச் செய்திருக்க மாட்டோம்.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டார் வாப்பா.

"நாப்பதுக்கும் கூட."

வாப்பா நிமிர்ந்து அவளை முதல் தடவையாகப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார். பிறகு உம்மாவிடம் கஞ்சியில் இறைச்சி போட்டதா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும் சஹனைக் கையால் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மூலையில் எனக்கென்று ஒரு பீங்கான் தட்டு இருந்தது. கொடி ஏறிய பிள்ளை என்று உம்மா புதுச்சட்டியில் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கிய பருப்பும், பொலஸ் என்னும் பிஞ்சுப் பலாக்காய்க் கறியும், சோறும். வாப்பா என்னிடம் அதுவரை நேராகப் பேசியதே இல்லை.

"மகள்," என்றார், "ஒங்கட சாப்பாட்டுல அவக்கும் பங்கு குடுங்க. நோன்பாளி பசியோட இருக்கிறா."

நான் பீங்கானைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன அவசரத்தில் பருப்பு பாயில் சிந்தியது. அவள் என்னைப் பார்த்து, நான் எப்படிப் பிசைகிறேன் என்று பார்த்து, அதே மாதிரிப் பிசைந்து உண்டாள். ஒரே பீங்கானில் இருவரும் உண்டோம். எதிரே வாப்பா மக்ரோனியை எடுத்தார். மறுபடியும் எடுத்தார். நீ ஒரு வாய் வைத்துவிட்டு என் காதருகே வந்தாய். "உப்பே இல்ல புள்ள," என்றாய். சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்கு ஓடிவிட்டாய். பயந்து பயந்து இருவருமே போடவில்லை.

காலையில் அவளுடைய பெட்டி வாசலில் இருந்தது. வாப்பா கடைக்குப் போகும்போது அதைக் காலால் உள்பக்கம் தள்ளிவிட்டுப் போனதாக நீ பிறகு சொன்னாய். மகனிடம் அவர் சொன்னது, "நீ கப்பலுக்குப் போ. அவ நோன்ப முடிக்கட்டும்." அந்த நோன்பு முடிந்தது, அதற்குப் பிறகு எத்தனையோ முடிந்தன. மதினி அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. உம்மாவிடம் தமிழ் படித்தார். என்னை இன்றைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நோன்புக் கூட்டாளி" என்பார்.

நேற்று நானா புறப்படும்போது வேலி வரை போய்க் கேட்டேன், மதினிக்கு இப்போது ஏதாவது நோன்பு உண்டா என்று. ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடுவா என்று சிரித்தார். ஆனாலும் இரவெல்லாம் எனக்கு அதே யோசனைதான்.

எனக்கும் இன்று விரதமில்லை. தாராளமாக ருசி பார்க்கலாம். பார்த்தேன். நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி பார்த்தேன். கை உப்புச் சிரட்டைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. என் மணிக்கட்டில் இன்னமும் உன் விரல்கள் இருக்கின்றன. குனிந்து மணந்து பார்த்தேன். நீ சொல்வது சரிதான், மணத்தில் கொஞ்சம் தெரிகிறது.

சட்டியை மூடி நெருப்பு வைத்தாயிற்று. பஸ் சத்தம் கேட்கிறது, அதுவாக இருக்கலாம். பக்கத்து அடுப்பில் தேங்காய்ப்பால் விட்ட பருப்பு கொதிக்கிறது. அன்றிலிருந்து இப்படித்தான், யாருக்கு என்ன ஆக்கினாலும் பக்கத்தில் ஒரு சட்டி பருப்பு வைக்காமல் என்னால் அடுப்பை அணைக்க முடிவதில்லை. வருகிறவர் எதை மனதில் வைத்துக்கொண்டு, சொல்ல வெட்கப்பட்டு வருகிறாரோ, யாருக்குத் தெரியும்?