எமக்கு எம்மவரே போதும் என்ற விண்ணப்பத்திற்கு அரசி நீலவஞ்சியின் மறுமொழி

ஆறு வற்றாதிருக்க. கற்போர் கண்ணொளி குன்றாதிருக்க.

வெண்குருகு நாட்டை ஆள்பவளும், ஏழ்துறைக்கு உரியவளும், கடற்காவல் பூண்டவளுமாகிய அரசி நீலவஞ்சி, நெடுவரைக் கல்விக்கோட்டத்துத் தாழைமகளிர் குழாத்தின் தலைவி குழற்கொடிக்கும், வேங்கைமைந்தர் குழாத்தின் தலைவன் அதிகண்டனுக்கும் விடுத்த ஓலை. உம் இல்லங்களில் விளக்கும் நலமும் நிலைப்பதாக.

நீவிர் இருவரும் கூடி எழுதிய விண்ணப்பம் வந்தது. ‘உடன்பிறப்பாக உறுதிமொழி ஏற்று, குழாத்துக்கு ஓரில்லமாக வாழும் எமக்கு எம்மவரே போதும். ஆதலின் படகு மன்றம், மூலிகைத் தோட்டம், வான்நோக்கு மாடம் முதலியவற்றுக்குச் செல்லும் கடமையினின்று எம்மை விலக்கவேண்டும்’ என்று கேட்டிருந்தீர். இசைவளிக்கலாம் என்றார் அமைச்சர். நாம் மூன்று நாள் அதை மடியில் வைத்திருந்தோம்.

குழற்கொடி, நாமும் தாழைமகளாயிருந்தோம் என்பதை நீ அறிவாய். பன்னிருவர் அருகருகே பாய் விரித்து உறங்கினோம். ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவர்க்கு உணவு இறங்காது. அந்த அன்பில் அன்றும் குறை காணவில்லை, இன்றும் காணவில்லை. ஆயின் எக்குழாத்திலும் சேராத சேந்தி என்னும் உப்பளத்தூர்ப் பெண், மாடத்தில் விண்மீன் கணிக்கத் துணை வேண்டி எம் வாயிலுக்கு மும்முறை வந்தாள். எமக்கு எம்மவரே போதும் என்று மூன்றாம் முறை நாமே சொல்லி அனுப்பினோம். தலையசைத்துப் போனவள் பின்னர் வரவில்லை.

படிப்பு முடிந்தது. எழுவர் கடல் கடந்து மணம் புகுந்தனர். மூவரைக் கொள்ளைநோய் கொண்டது. எஞ்சிய ஒருத்தி வடபுலத்து அரசனின் மனைவியாதலால், எல்லைப் பூசல் மூண்டபின் எமக்கு எழுதுவதில்லை. நாம் அரியணை ஏறி ஒன்பது ஆண்டாயிற்று. அவையில் நானூறு பேர் எழுந்து வணங்குகின்றனர்; உண்ணும்போது எதிரில் எவரும் இல்லை.

சேந்தி தென்கரையில் விண்மீன் பார்க்கும் கணியாக இருப்பதறிந்து, சிலநாள் எம்முடன் வந்து தங்குமாறு சென்ற திங்கள் எழுதினோம். ஆணையாக அன்று, வேண்டுகோளாகவே. தன்னோடு அந்நாளில் மாடத்தில் இருந்த ஐவர் ஆண்டுதோறும் தன் மனையில் கூடுவதுண்டென்றும், அவர்கள் வரும் காலமாதலின் இயலாதென்றும், கல்விக்கோட்டத்தில் அரசியைக் கண்டதாகத் தனக்கு நினைவில்லை, பொறுத்தருள்க என்றும் பணிவான மறுமொழி வந்தது. அவள்மேல் எமக்கு வருத்தமில்லை.

ஆதலின் உம் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. இல்லத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. உறுதிமொழியை மறக்கவும் சொல்லவில்லை. வாரத்தில் இரு நாள், குழாத்தின் அடையாளமாக இடையில் கட்டும் கச்சையை அவிழ்த்து வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த மன்றத்துக்குத் தனியே செல்க. இருவராகச் சென்றால் உம்முள்ளேயே பேசிக்கொண்டிருப்பீர், நாம் அறிவோம். பெயர் தெரியாத ஒருவருக்கு அருகில் அமர்க. முதல் சில நாள் பேச்சு வராது. வராவிடினும் எழுந்து வந்துவிடாதீர்.

இது ஆணை. மனமுவந்து செய்யின் மகிழ்வோம். அஞ்சிச் செய்யினும் ஏற்போம்.

அரச ஓலைக்குச் சான்றொப்பம் இருவர் இடவேண்டும். அமைச்சரை அழைக்க மனமில்லாமையால் அவ்விடம் வெறுமையாக விடப்பட்டது. உம் குழாங்களைச் சேராத இருவரைக் கொண்டு அங்கே ஒப்பமிடுவித்து, அவர்தம் பெயரும் ஊரும் குறித்து, முழுநிலவுக்கு முன் எமக்குத் திருப்பி அனுப்புக.

நீலவஞ்சி, தன் கையால் முத்திரையிட்டது.