பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு EE

ஜன. 19, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எதிர் வீட்டு மாடியே தெரியவில்லை. நீலச் சட்டைக்கு இஸ்திரி. பூ, பழம், வெற்றிலை எல்லாம் அக்கா பொறுப்பு. திருப்புட்குழிக்குப் பெண் பார்க்க. நான், அம்மா, அக்கா, தரகர். இரட்டைப்படையில் நாலு பேராகப் போகக் கூடாதென்று அக்கா வீட்டுக்காரரையும் கடைசி நிமிஷத்தில் எழுப்பி இழுத்துக்கொண்டு போனோம்.

பெண் பெயர் கல்பனா. வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலை ஆபீசில் வேலை. அப்பா ஏகாம்பரம், சொந்த லாரி. நல்ல வீடு. முறுக்கு பிரமாதம்.

டிவிக்குப் பக்கத்து ஷோகேஸில், தலையாட்டி பொம்மைக்கும் ஒரு கோப்பைக்கும் நடுவில், கேமரா. Pen EE! போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நெற்றியில் இட்ட மாதிரி மேலே குங்குமம், லென்ஸைச் சுற்றி மாலை மாதிரி சந்தனம், அதன் மேல் வரிசையாகக் குங்குமப் பொட்டு. ஃபிலிம் போடும் பழைய கேமரா என்றால் எனக்குப் பைத்தியம். எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிறகு என்ன நடந்ததென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அக்கா சொல்வதை வைத்து எழுதுகிறேன். பேனா மாதிரி பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம், அதனால் Pen. EE என்றால் எலக்ட்ரிக் ஐ, மின்கண், பேட்டரியே வேண்டாம், வெளிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று ஆரம்பித்து, AE-1 கேமராவுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய், நான் திரும்பி வருவதற்குள் பெண் காபி கொடுத்துவிட்டு, நமஸ்காரம் செய்துவிட்டு, உள்ளே போய்விட்டாளாம். நான் காபியை வாங்கிக்கொண்டு நிமிரவே இல்லையாம்.

மெட்ராஸ் துறைமுகத்துக்கு லோடு அடித்த காலத்தில் வாங்கியது என்றார் ஏகாம்பரம். செத்துப் பல வருஷமாகிறதாம். பட்டன் அமுங்காது, கண் வைத்துப் பார்த்தால் சிவப்பாக ஒன்று வந்து நிற்கும். முடிந்தால் சரி பண்ணிக் கொண்டுவா தம்பி என்று ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், காஞ்சிபுரம் நெருங்கும்போது அம்மா வாயைத் திறந்தாள். ஒரே வாக்கியம்.

"பொண்ண பாக்கப் போனியா, பொட்டிய பாக்கப் போனியா?"

முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா வீட்டுக்காரரும் சிரித்தார், அவருக்கும் திட்டு விழுந்தது.

ஜன. 20, திங்கள்

கடையில் இன்று புடவைகள் அதிகம். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர், ஃபோனில் வேறு நிறமாக விழுகிறது. வொயிட் பேலன்ஸ் மாற்றி மாற்றி எடுத்து, முதலாளிக்கு அனுப்பி, அவர் மறுபடி எடுக்கச் சொல்லி. பட்டுப்புடவையைப் போட்டோ எடுத்து நெட்டில் ஏற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது அவ்வப்போது மறந்துபோகிறது.

மதியம் கடை மாடியில் Pen EEயை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உச்சி வெயில். பட்டன் அமுங்கவில்லை. சிவப்பு நாக்கு மேலே வந்து நிற்கிறது. இருட்டாக இருந்தால்தான் அது வரவேண்டும். ஆக, மின்கண் குருடு. வெளிச்சத்தை மின்சாரமாக்கும் செலினியம் போய்விட்டது. சொந்தக்காரருக்கு ஏதோ ஆன மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து, துடைத்துச் சுத்தம் செய்யலாமென்று பஞ்சை எடுத்தேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். பெண் வீட்டில் பூஜை செய்த பொருளாம், அவர்கள் வைத்த குங்குமத்தை நாம் அழிக்கக் கூடாதாம், அதுவும் பேச்சு நடக்கும் நேரத்தில். அதுவும் சரிதான் என்று எனக்கும் பட்டது. வைத்துவிட்டேன்.

என் கேமராப் பெயர்ப் பட்டியலில் சேர்க்க:
FM: M மெக்கானிக்கல். பேட்டரி செத்தாலும் ஓடும்.
FE: E எலக்ட்ரானிக். செத்தால் கஷ்டம்.
QL17: QL, ஃபிலிமைச் சட்டென்று மாட்டலாம். 17, லென்ஸின் 1.7.
OM-1: முதலில் வெறும் M-1. ஜெர்மன்காரன் ஏற்கெனவே M வைத்திருந்ததால் தகராறு, முன்னால் ஒரு O. (அம்மா ஃபோனில் இதை ‘ஓம்’ என்று படித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.)

இரவு தரகர் ஃபோன். பையன் தங்கமான பையன்தான், ஆனால் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லையே, விருப்பமில்லாமல் வந்தானா என்று ஏகாம்பரம் கேட்டாராம். வருகிற ஞாயிறு வேலூரிலிருந்து ஒரு வரன் அங்கே வருகிறதாம். பேங்க் உத்தியோகம்.

விருப்பமில்லாமலா? எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு குரல் மட்டும். "சக்கர போதுமா?" என்று கேட்டது. நேற்றிலிருந்து அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. முகம் தெரியாமல் இப்படி ஒரு அவஸ்தை யாருக்காவது வந்திருக்குமா. முட்டாள். வடிகட்டின முட்டாள்.

ஜன. 22, புதன்

எங்கிருந்து ஆரம்பிப்பது!

மதியம் தெரியாத நம்பர். கொரியர்காரர் என்று நினைத்து அதட்டலாகப் பேசிவிட்டேன். கல்பனா. தரகரிடம் நம்பர் வாங்கினாளாம். ஆலையில் சாப்பாட்டு நேரம், பின்னால் மிஷின் சத்தம். ஒரு கேள்வி கேட்கவேண்டும், உண்மையைச் சொல்லவேண்டும் என்றாள்.

"அன்னிக்கு நான் இன்னா கலர் பொடவ கட்டியிருந்தேன்?"

ஒரு நாளைக்கு அத்தனை புடவை பார்க்கிறவன் நான். அரக்கா, பச்சையா என்று அடித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. தெரியாதுங்க, பார்க்கவே இல்லை, மன்னிச்சிடுங்க என்றேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். சிரித்தாள். பொய் சொல்லியிருந்தால் அப்படியே ஃபோனை வைத்திருப்பாளாம். அவள் போட்டிருந்தது சுடிதாராம்.

பிறகு கேமரா எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். கண் போய்விட்டது என்றேன்.

"எந்தக் கண்ணு? அது எங்க இருக்குது?"

உள்ளே எங்கேயாவது இருக்கும் என்றேன். எனக்குப் பழக்கமெல்லாம் லென்ஸ் வழியாகவே வெளிச்சம் அளக்கிற பெரிய கேமராக்கள்தான். EEக்கு அர்த்தம் ஒப்பிப்பேன், கண் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"வெளிச்சம் பாக்குற கண்ணு உள்ள போய் ஒக்காந்துக்கினு இருந்தா எப்பிடிங்க பாக்கும்?" என்றாள். பிறகு அவளே, "லென்ஸ சுத்தி புள்ளி புள்ளியா ஒரு கண்ணாடி வளையம் இருக்குதே, அதுவா இருக்குமா? அது மேலதான் நான் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சந்தனம் அப்பறேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். மேஜையிலிருந்த புடவை சரிந்து கீழே. மின்கண்! ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் மேல் ஒரு பூச்சு. அதனால்தான் உச்சி வெயிலும் அதற்கு அமாவாசை. அப்பா லாரிக்குப் பொட்டு வைக்கும்போது இவள் கேமராவுக்கு வைப்பாளாம், சின்ன வயதிலிருந்தே. சரியாகச் சொன்னால் அவள் வைக்க ஆரம்பித்த பிறகுதான் அது செத்திருக்கிறது.

இப்போதே துடைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

"நான் வெச்ச பொட்டு. நானே தொடச்சிக்கிறேன். சனிக்கெழம வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு வாங்க."

மாலை முழுவதும் கடையில் பாட்டு. முதலாளி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜன. 25, சனி

வெயில். வாலாஜாபாத் போகும் முன் ஃபிலிம் ஒன்று மாட்டிக்கொண்டேன், 200 ஸ்பீடு. தேய்த்தும் தேய்க்காமலும் குளியல். பஸ்ஸில் வழி முழுக்க மஞ்சப்பையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தேன்.

ரயில்வே ஸ்டேஷன் பெஞ்ச், வேப்பமர நிழல். கல்பனா தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். பஞ்சு, பாட்டிலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர். நான் பேச வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினாள். முதலில் குங்குமம் கரைந்தது. பிறகு சந்தனம், பாளம் பாளமாக. அதன் அடியில் புள்ளி புள்ளியாகக் கண்ணாடி, புத்தம் புதுசு! இத்தனை வருஷமும் வெளிச்சமே படாமல் மூடியிருந்ததால்தான் செலினியம் கெடாமல் இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஷோகேஸில் திறந்தபடி இருந்திருந்தால் நிஜமாகவே போயிருக்கும். கொன்றதும் அவள், காப்பாற்றியதும் அவள்.

துடைத்து முடித்து நிழலை விட்டு வெயிலில் நீட்டினாள். நான் வாங்கி ஃபிலிம் சுருளை நகர்த்தினேன்.

"மொதல்ல என்ன எடுங்க. அப்பவாவது பாப்பீங்க."

பார்த்தேன். சின்ன ஜன்னல் வழியாக. மூக்கின் ஓரத்தில் ஒரு சிறிய வடு. சிரிப்பை அடக்கினால் உதடு ஒரு பக்கமாகப் போகிறது. பட்டன் அழுத்தவேண்டும் என்பதே மறந்துவிட்டது. பிறகு அழுத்தினேன். சிவப்பு வரவில்லை. டிக்.

இந்தச் சத்தத்துக்காகவே பிறந்தேன் என்று எழுதினால் அதிகமாக இருக்கும். எழுதிவிட்டேன்.

உடனே பிடுங்கிக்கொண்டு என்னை ஒன்று எடுத்தாள். நாளை வேலூர்க்காரர்கள் வருவதைப் பற்றி நான்தான் கேட்டேன். அப்பா வார்த்தை கொடுத்துவிட்டார், வந்துதான் ஆகவேண்டும் என்றாள். காஞ்சிபுரம் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டுத்தான் போனாள்.

ஜன. 26, ஞாயிறு

பள்ளிக்கூட ஸ்பீக்கரில் தேசபக்திப் பாட்டு. சாப்பாடு இறங்கவில்லை. ஷூ துடைத்தேன். அலமாரி அடுக்கினேன். அம்மா கோவிலுக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. ஃபோன் சார்ஜ் போட்டேன். மறுபடி போட்டேன்.

இந்நேரம் வந்திருப்பார்கள். அந்த பேங்க்காரன் நிச்சயம் நிமிர்ந்து பார்த்திருப்பான். யார்தான் பார்க்கமாட்டார்கள், என்னைத் தவிர.

மாலை ஆறு தாண்டி மெசேஜ்: வந்தாங்க. போனாங்க. வேணாம்னு சொல்லிட்டேன். அப்பா பேசல.

சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தால் பசிக்கும் போலிருக்கிறது. ஆறு இட்லி.

பிப். 4, செவ்வாய்

பனி குறைந்துவிட்டது. காலை ஒரு கல்யாணச் செட் முழுக்க எடுத்தேன்.

ஏகாம்பரம் இன்னும் மௌனம். தரகரிடம்கூட ஒரு வார்த்தை இல்லை. கேமராவைச் சரி செய்து அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பியாயிற்று, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மதியம், ஃபிலிம் கழுவ அனுப்பியிருந்த மெட்ராஸ் லேபிலிருந்து மெயில். திறந்தால் முதல் படத்தில் நானும் கல்பனாவும் பக்கத்தில் பக்கத்தில்! தலை சுற்றியது. பிறகுதான் உறைத்தது. Pen ஒரு ஃபிரேமைப் பாதியாக்கி ரெண்டு படம் எடுக்கும் ரகம், லேப்காரர் ரெண்டு பாதியையும் சேர்த்து ஒரே படமாக ஸ்கேன் செய்துவிட்டார். வெட்டவில்லை. அவளுக்கு அப்படியே அனுப்பினேன்.

மூன்றரைக்கு அவள் நம்பரிலிருந்து ஃபோன். எடுத்தால் ஏகாம்பரம். படம் அவர் கையில்.

"நான் இன்னும் ஒரு வார்த்த சொல்லல, அதுக்குள்ள ஜோடியா போட்டோ எடுத்துக்கினீங்களா?"

ஜோடியாக எடுக்கவில்லை, தனித்தனிதான், பாதி ஃபிரேம், அதாவது அந்த மாடலில் என்று ஆரம்பித்தேன். மூச்சு விடாமல் பேசியிருப்பேன். நடுவில் நிறுத்தினார். பின்னால் கல்பனா ஏதோ சொல்வது கேட்டது.

"அந்தக் கதையெல்லாம் ஞாயித்துக்கெழம வந்து சொல்லுங்க. அம்மாவ இட்டுக்கினு வந்துடுங்க, மாப்ள."