வூட்டுக் கிரேட்டைப் பார்த்த கேமரா

திருப்பதியிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் முந்தானையில் மாம்பால் வாடை அடித்தது. காயைக் காம்போடு கிள்ளினால் பீச்சி அடிக்குமே, தொண்டையைக் கமறவைக்கும் அந்த வாடை. சந்திரகிரி தாண்டும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டேன். நான் அழுததைப் பார்த்து அந்தம்மா என்ன நினைத்தாரோ தெரியவில்லை. உன் புடவைகள் எல்லாவற்றிலும், துவைத்த பிறகும், இந்த வாடை இருக்கும். நீ போன பிறகு இது மூன்றாவது மாம்பழ சீசன். இன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் ஆகாது.

நம் மாங்கூழ் பேக்டரிக்கு ஏ.ஐ. வந்துவிட்டது. முகத்தைச் சுளிக்காதே, சொல்வதைக் கேள். முதலாளி பெரியவர் காலமான பிறகு அவருடைய மகன் முரளி சார்தான் எல்லாம் பார்க்கிறார். தை மாதம் என்னைக் கூப்பிட்டு, "எஸ்தரம்மா, ஏ.ஐ.க்கு ஒரு ஸ்ட்ராட்டஜி எழுதணும். மூணு வருஷத்துக்கு. பாங்குக்கும் காட்டணும், ஃபாரின்ல நம்ம பல்ப் வாங்கறவங்களுக்கும் காட்டணும்" என்றார். உள்ளே போகும் ஒவ்வொரு பழத்துக்கும் படம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நம்மிடம் மாங்கூழ் வாங்க மாட்டோம் என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனி சொல்லிவிட்டதாம். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

ஸ்ட்ராட்டஜி என்றால் இன்னாடி என்று நீ கேட்பாய். எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது, தப்பு நடந்தால் யார் பதில் சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். ஆனால் திருப்பதியில் ஆலோசனைக் கம்பெனி நடத்தும் பிரதீப் என்பவர் கொண்டுவந்த திட்டத்தில் எதை முதலில் செய்வது என்பது மட்டும்தான் இருந்தது. இந்த சீசன் பழம் ஓடும் பெல்ட்டுக்கு மேலே கேமரா நின்று கற்றுக்கொள்ளும், அடுத்த சீசன் பெல்ட்டில் ஆளே வேண்டாம். அதில் பழம் பிரிக்கும் நம் பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். "ட்ரயல் முடியட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்றார் முரளி சார். அந்த 'அப்புறம்' எப்படிப்பட்டது என்று உனக்கும் எனக்கும் தெரியாதா.

டின் செக்ஷனை மூடிய நாளைத்தான் நினைத்துக்கொண்டேன். நாடே வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் போட்ட வருஷங்கள் அவை. உன் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போயிருந்தார். நீ சத்தியவேடு பக்கத்திலிருந்து துணி மூட்டையோடு சித்தூருக்கு வந்து, எங்கள் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தாய். பேக்டரியில் கூழை டின்னில் அடைத்தாய். நான் ஆபீசில் ஏற்றுமதிக் கடிதங்கள் டைப் அடித்தேன். டின்னே வேண்டாம், பெரிய பையிலேயே கூழை அடைக்கலாம் என்று ஒரு வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கியது. டின் அடைத்த பெண்களை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். நீ பெரியவரின் காரை கேட்டிலேயே மறித்தாய். "மெஷின் வரட்டும் சார், நாங்க வேணான்னு சொல்லல. ஆனா ஆள வெளிய அனுப்பறது மெஷின் இல்ல, நீங்க" என்றாய். அவர் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்த வாரமே அவர்களை எல்லாம் பழம் பிரிக்கிற பெல்ட்டுக்கு மாற்றினார்.

வூட்டுக் கிரேட்டும் உன் வேலைதான். நாளெல்லாம் பழத்துக்கு நடுவில் நின்றுவிட்டு, பிள்ளைக்கு ஒரு பழம் வாங்க முடியாமல் வெறுங்கையோடு போகிறார்கள் என்று பெரியவரிடம் சண்டை பிடித்தாய். டேபிளுக்குக் கீழே ஒரு நீல கிரேட்டு வைத்துக்கொள், சாயங்காலம் பிரித்துக்கொள்ளுங்கள் என்று அவர் வாயால் சொன்னார். அழுகலைப் போட்டால் எந்தப் பிள்ளை தின்னும்? அதனால் பெல்ட்டில் வருவதிலேயே நன்றாகக் கனிந்து, தோல் சுருங்கி, தொட்டால் குழைகிற பழமாகப் பார்த்து அதில் போடுவது வழக்கமாயிற்று. எத்தனையோ சீசனாக அது நடக்கிறது. ஆபீசில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை, எழுதி வைக்கவும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேமரா எப்படிக் கற்றுக்கொள்கிறது தெரியுமா? பெண்களின் கையைப் பார்த்துத்தான். கை எந்தப் பழத்தைப் பெல்ட்டிலிருந்து எடுக்கிறதோ அது ஆகாத பழம் என்று அது எழுதிக்கொள்ளும். அப்படிப் பல நாள் பார்த்தது. பிறகு ட்ரயல் வைத்தார்கள். வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். நம் பெண்கள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மெஷின் தானாகவே பழங்களை ஒதுக்கித் தள்ளியது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூழ் வெளியே வந்தபோது வெளிறிப்போய் இருந்தது. லேபில் பார்த்த பெண் மறுபடியும் ஊற்றிப் பார்த்தாள். வெள்ளைக்காரர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, முகத்தைச் சுருக்கி, ஸ்பூனைக் கீழே வைத்தார். ஒரே புளிப்பு. சீசன் முடிவதற்குள் சரி செய்து காட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"வேலை போயிடும்னு லேடீஸ் வேணும்னே தப்பா கத்துக் குடுத்திருக்காங்க" என்றார் பிரதீப். திருப்பதியில் மீட்டிங் வைத்து முடிவு செய்வோம், ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரிடம் சொல்லி எல்லோரையும் மாற்றிவிடலாம் என்று முரளி சார் காரில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனார்.

பெல்ட்டில் உன் இடத்தில் இப்போது ராணி நிற்கிறாள். அவள் ஆபீசுக்கு ஓடி வந்தாள். "அக்கா, நாங்க ஒன்னியும் பண்ணலக்கா. எப்பவும் போலத்தான் எடுத்துக்கினு இருந்தோம். கர்த்தர் மேல ஆணையா" என்றாள். என் கர்த்தரை இழுக்கும் அளவுக்கு அவள் பயந்துபோயிருந்தாள். பிரதீப்பின் ஆபீசில் ஹாரிகா என்று ஏர்பேட்டுப் பெண் ஒருத்தி, கேமராவுக்குப் பாடம் சொல்லித் தருகிற இன்ஜினீயர். சூதுவாது தெரியாதவள். "மேடம், கேமரா ஒதுக்குன பழத்தை எல்லாம் ஒண்ணா வெச்சிருக்கேன், கொஞ்சம் பாருங்க" என்று லேப்டாப்பைத் திருப்பினாள். எல்லாம் பொன் நிறம். எல்லாம் தோல் சுருங்கி, நம் பெல்ட்டில் ஓடும் பழத்துக்கே உரிய வளைந்த மூக்குப் பக்கம் கறுத்த பழம். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது வூட்டுக் கிரேட்டடி! அழுகல் எல்லாம் பழுக்கவைக்கும் ஷெட்டிலேயே கழிந்துவிடுகிறது. பெல்ட்டிலிருந்து கை எடுப்பதில் முக்கால்வாசி வீட்டுக்குப் போகிற பழம்தான். நம்மிடம் உள்ளதிலேயே இனிப்பானது எதுவோ அதுதான் கெட்டது என்று கேமரா ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

"கேமரா பார்க்குதுன்னு தெரிஞ்சும் ஏண்டி போட்டீங்க?" என்று ராணியைக் கேட்டேன்.

"கேமரா பெல்ட்டத்தான பாக்குதுன்னு சொன்னாங்க. கிரேட்டு டேபிளுக்குக் கீழதான கீது" என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் சதி இல்லை என்று ஆகும், ஆனால் திருட்டு என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் சதி. எப்படிப் போனாலும் வேலை போகிறது. ரிப்போர்ட்டில் என்ன எழுதட்டும் என்று ஹாரிகா கேட்டாள். அந்தப் பெண்ணைப் பொய் எழுதச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உள்ளதை எழுதும்மா, மீதியை நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

இன்றைக்குத்தான் அந்த மீட்டிங். ஏ.சி. ரூம், நீள மேஜை. ஹாரிகா படங்களைக் காட்டி முடித்தாள். முரளி சாருக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். "ஏம்மா எஸ்தரு, இதி தொங்கதனம் காதா?" என்றார். இது திருட்டு இல்லையா என்று என்னையே கேட்கிறார். பெரியவர் கொடுத்த வார்த்தை என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். பிரதீப் நாற்காலியில் சாய்ந்து, "பாலிசி இல்லாத இடத்துல ஏ.ஐ. இப்படித்தான் ஆகும் சார். முதல்ல ஆளை மாத்துங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "சார், நீங்க ஸ்கூல் லீவுல வரும்போது உங்க வூட்ல தினம் மாம்பழம் இருக்குமே, எங்க பழம் அது?" என்றேன்.

"எங்க தோட்டத்துப் பழம்" என்றார் தெலுங்கிலேயே.

"உங்க தோட்டத்துல பங்கனப்பள்ளி மட்டும்தான் சார். நீங்க துன்னது மூக்கு வெச்ச பழம். மூக்கு வெச்ச பழம் உங்க தோட்டத்துல எந்த மரத்துல காய்ச்சது?"

தன் வீட்டுக்கும் நாலு பழம் போடச் சொல்லி பெரியவர் டிரைவரை அனுப்புவார் என்றும், அந்த நீல கிரேட்டிலிருந்துதான் அது போகும் என்றும் சொன்னேன். "அது திருட்டுன்னா நாம எல்லாரும் துன்னிருக்கோம் சார்" என்றேன். அவர் மெதுவாக, தமிழில், "யாரும்மா பொறுக்கி அனுப்புனது?" என்று கேட்டார். நான் உன் பெயரைச் சொன்னேன். நீ இறந்த பிறகு உன் பெயரை அந்தக் கம்பெனிக் கூட்டத்தில் ஒருவர் உச்சரித்தது அதுதான் முதல் தடவை.

அவர் மனசு மாறுவதற்குள் நான் எழுதி வைத்திருந்த ஸ்ட்ராட்டஜி காகிதத்தை அவர் முன்னால் தள்ளினேன். கேமராவுக்குப் பழையதை எல்லாம் மறக்கடித்து மறுபடி கற்றுத்தர வேண்டும். ராணியும் நம் பெண்களும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இது கூழுக்கு, இது காத்திருக்கட்டும், இது அழுகல், இது வீட்டுக்கு என்று சொல்ல வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. கேமரா தள்ளிய பழத்தை அவர்கள் திரும்பப் போட்டால் அவர்கள் சொன்னதுதான் செல்லும். கிரேட்டை டேபிளுக்கு மேலே வைத்து, எழுத்திலும் போட வேண்டும். ஆளை எடுப்பதாக இருந்தால் அதற்குக் காரணம் கேமரா என்று யாரும் எழுதக் கூடாது, முடிவு செய்தவர் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது அன்றைக்கு கேட்டில் நீ சொன்ன வரி என்று நான் சொல்லவில்லை.

"இந்த சீசன் யாரையும் அனுப்பல. அடுத்த சீசனுக்கு நான் வாக்கு குடுக்க முடியாதும்மா" என்றார். கிடைத்தது அவ்வளவுதான். மற்ற வரிகளை ஒத்துக்கொண்டு, கையெழுத்து வரியை மட்டும் பேனாவால் சுழித்து, யோசிக்கலாம் என்று எழுதினார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ராணிக்குப் போன் போட்டு, எல்லோரையும் காலையில் வேலைக்கு வரச் சொன்னேன். அவள் எதிர்முனையில் அழுதாள். அடுத்த வருஷத்தைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ரூமில் மறுபடியும் நான்தான் போய் உட்கார வேண்டும். நீ இருந்தவரை சண்டைக்கு நீ போவாய், கடிதம் டைப் அடிக்க நான் இருப்பேன். இப்போது இரண்டும் என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு உன் தைரியம் இல்லையடி, பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போவேன்.